சிங்கப்பூர்க் கோவில் வரலாற்றில் தமிழர் எங்கே?

வாசகர் கேள்வி, 27 ஜனவரி 2023

சிங்கப்பூர் கத்தோலிக்கக் கோவில்களின் வரலாறு என்று எதைப் புரட்டினாலும் பிரெஞ்சுச் சாமியார்களின் பெயர்தான் வரிசையாக வருகிறது. யார் நிலம் வாங்கினார், யார் அடிக்கல் வைத்தார், எந்த ஆயர் மந்திரித்துத் திறந்துவைத்தார் என்றே போகிறது. லூர்து மாதா கோவிலைத் தமிழர் கோவில் என்கிறோம். அதுவும் வெள்ளைக்காரர் கட்டித் தந்ததுதானே? நமக்கென்று அதில் ஏதாவது வரலாறு உண்டா, இல்லை உட்கார இடம் கொடுத்தார்கள், உட்கார்ந்தோம், அவ்வளவுதானா?

28 ஜனவரி, இரவு

கேள்வி நியாயமானது. ஆனால் ‘கட்டித் தந்தது’ என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. என் தாத்தாவுக்கு ஞானஸ்நானம், அப்பாவுக்குக் கல்யாணம், எனக்குப் புதுநன்மை (முதல் திருவிருந்து) எல்லாம் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்குப் பங்கு என்றால் வீடு இருக்கும் பேட்டையை வைத்துச் சொல்கிறோம். அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் பங்கைப் பிரித்தது தெரு அல்ல, பேச்சு. ஐரோப்பியருக்கும் ஆங்கிலம் பேசும் யுரேஷியருக்கும் நல்லாயன் பேராலயம், 1847. போர்த்துகீசிய வழி யுரேஷியருக்கு விக்டோரியா ஸ்திரீட் புனித சூசையப்பர் கோவில். சீனரில் தியோச்சூ பேசுவோருக்குக் குவீன் ஸ்திரீட்டில் புனித இராயப்பர் சின்னப்பர் கோவில். கன்டனீஸ், ஹக்கா ஆட்களுக்கு டேங்க் ரோட்டில் திரு இருதயக் கோவில், 1910. ஹொக்கியன் ஆட்களுக்குக் கம்போங் பாரு புனித தெரேசம்மாள் கோவில், 1929. தமிழருக்கு ஓஃபிர் ரோடு, 1888.

பஸ்ஸில் போனால் இவற்றில் பாதியை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். குவீன் ஸ்திரீட்டும் விக்டோரியா ஸ்திரீட்டும் கூப்பிடு தூரம். ஊர் பெரிது என்பதால் இத்தனை கோவில் வரவில்லை. ஒரே தெருவில் நான்கு பாஷை இருந்ததால் வந்தது.

1888-க்கு முன் தமிழருக்கு இங்கே கோவில் என்று ஒன்றுமே இல்லை. அதனால்தான் லூர்து மாதா கோவில் நமக்கு முதல்.

29 ஜனவரி, காலை

நேற்று கடைசியில் எழுதியது தப்பு. தூங்கப் போகும்போதே உறுத்தியது. தோ பாயோ அக்கா ஒருவரும் சுட்டிக்காட்டியிருக்கிறார், நன்றி.

1888-க்கு முன் ஒன்றுமில்லை என்பது சரியல்ல. குவீன் ஸ்திரீட் கோவில் 1870-ல் எழுந்தபோது அது சீனருக்கு மட்டுமானதல்ல, சீனருக்கும் இந்தியருக்கும் சேர்த்துத்தான். அதைக் கட்டியவர் பியர் பாரிஸ் என்ற சாமியார். அவருக்குச் சீனமும் தெரியும், தமிழும் தெரியும். ஒரே ஆள் இரண்டு சனங்களையும் பார்த்துக்கொண்டார். அவர் 1883-ல் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே தமிழருக்குத் தனிக் கோவில் வேலை தொடங்குகிறது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பாஷையையும் தாங்கிய ஒரு மனிதர் போனபின், அந்த இடத்துக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இது என் ஊகம், ஆனால் ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

தமிழர் பக்கத்தை எடுத்துக்கொண்டவர் ஜோக்கிம் மெனோவ்ரியே. 1886-ல் அடிக்கல், 1888-ல் மந்திரிப்பு. வரைபடம் ஸ்வான், லெர்மிட் நிறுவனத்துடையது. பிரான்சில் லூர்து நகரத்துக் கோவிலின் சாயலில், ஒரே கூர்க்கோபுரம். 2005-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

நல்லாயன் பேராலயத்தின் பெயர்க் காரணம் கேட்டிருந்தார்கள். லொராங் இம்பேர் என்ற சாமியார் 1821-ல் சிங்கப்பூர் வழியாகப் போனவர். பிறகு கொரியாவில் ஆயராக இருந்தபோது கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய வேத கலாபனை வந்தது. சனங்களைக் காப்பாற்றத் தாமும் சரணடைந்து, தம்மோடு இருந்த இரண்டு குருக்களையும் சரணடையச் சொன்னார். நல்ல ஆயன் ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பான் என்று எழுதி அனுப்பினார். மூன்று பேரும் 1839 செப்டம்பரில் கொல்லப்பட்டார்கள். அந்த வாக்கியத்திலிருந்துதான் நம் பேராலயத்துக்குப் பெயர். எத்தனை தடவை அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன், நாற்பது வயதுக்கு மேல்தான் இது தெரிந்தது.

31 ஜனவரி

‘பாஷைக்கு ஒரு கோவில் எதற்கு, பூசை எல்லா இடத்திலும் இலத்தீன்தானே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அவர் சொல்வது உண்மை. 1960களில் உலக ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம் வரை பூசை எங்கும் இலத்தீன்தான். ஓஃபிர் ரோட்டில் கேட்டாலும் குவீன் ஸ்திரீட்டில் கேட்டாலும் அதே சொற்கள். தமிழன் எந்தக் கோவிலிலும் போய் முழங்கால் போட்டிருக்கலாம்.

அப்படியானால் தமிழ்ப் பங்கு எதற்கு? பிரசங்கத்துக்கு, ஞான உபதேசத்துக்கு, பூசைக்கு முன்னும் பின்னும் சனங்கள் சேர்ந்து சொல்லும் மந்திரங்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு. பிரசங்கம் புரியாவிட்டால் பத்து நிமிஷம் சும்மா உட்காரலாம். பாவத்தை மட்டும் தெரியாத பாஷையில் சொல்ல முடியாது.

எங்கள் அப்பாயியைப் பற்றிச் சொன்னால் விளங்கும். 1930களின் கடைசியில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். ஊர் காரைக்கால் பக்கம். ஆங்கிலம் தெரியாது. மலாய் மீன் வாங்கும் அளவுக்குத் தெரியும். அரசாங்க அடுக்குமாடி (வீவக) வீடு கிடைத்து வேறு பேட்டைக்குப் போனபின்னும் மாதத்தில் முதல் சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி ஓஃபிர் ரோட்டுக்குப் போவார். வீட்டுக்குப் பக்கத்திலேயே கோவில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் பூசை கண்டார். ஆனால் சனிக்கிழமை மட்டும் இரண்டு பஸ்.

1983-ல் படுத்த படுக்கையானார். பக்கத்துப் பங்கிலிருந்து சாகும் முன் எண்ணெய் பூசும் சடங்கான அவஸ்தை பூச ஒரு சாமியார் வந்தார். நல்லவர், கூப்பிட்ட உடனே மழையில் நனைந்துகொண்டு வந்தார். தமிழ் தெரியாது. அப்பா பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறேன் என்றார். அப்பாயி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சாமியார் காத்திருந்தார். நான் கதவோரம் நின்றேன், பன்னிரண்டு வயது. கடைசியில் அப்பாயி, ‘பெத்த மகன் காதுலயாடா என் பாவத்தைச் சொல்லுவேன்? நீ வெளிய போ’ என்றார். அப்பா வெளியே வந்துவிட்டார். சாமியார் கையைப் பிடித்துக்கொண்டு தெரிந்த இலத்தீனில் பாவமன்னிப்புக் கொடுத்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். திருச்சபைச் சட்டப்படி அது போதும். அப்பாயிக்குப் போதவில்லை. ‘சொல்லலையே, சொல்லலையே’ என்று இரவெல்லாம் முனகினார். மறுநாள் அப்பா டாக்சி பிடித்துப் போய்த் தமிழ் தெரிந்த வயதான சாமியார் ஒருவரைக் கூட்டிவந்தார். அவரும் வெள்ளைக்காரர்தான். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் இருந்தார். அவர் போனபின் அப்பாயி கஞ்சி கேட்டார். அதற்கு முந்தைய மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை.

அந்தச் சாமியார் பிரெஞ்சுக்காரரா, தமிழரா என்று அப்பாயி ஒருநாளும் யோசித்ததில்லை. ‘நம்ம சாமி’ என்பார், அவ்வளவுதான்.

2 பிப்ரவரி

பிரான்சில் பிறந்தவர்களுக்கு இவ்வளவு தமிழ் எப்படி வந்தது என்ற கேள்விக்குச் சுருக்கமாக. சிங்கப்பூருக்குச் சாமியார்களை அனுப்பிய அதே பாரிஸ் வேதபோதக சபைதான் புதுச்சேரி மறைமாவட்டத்தையும் நடத்தியது. இயேசு சபை கலைக்கப்பட்டபின் 1776 முதல் கர்நாடக மிஷன் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல, புதுச்சேரியை மையமாகக் கொண்டது) இவர்கள் கையில். புதுச்சேரியில் சொந்த அச்சகம் வைத்திருந்தார்கள். மூசே, துப்புய் என்ற இரண்டு குருக்கள் தொகுத்த தமிழ் பிரெஞ்சு அகராதி 1855-ல் அங்கேதான் அச்சானது. ஆக, தமிழ் படிக்க வேண்டிய பிரெஞ்சுச் சாமியாருக்குப் புத்தகம் இருந்தது, கற்றுக்கொடுக்க ஆளும் இருந்தது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த நம் ஆட்களுக்கு இவர்கள் புது முகம்தான், புது வகை அல்ல. ஊரில் பார்த்த அதே தாடி, அதே அங்கி, அதே உச்சரிப்புள்ள தமிழ்.

5 பிப்ரவரி

இன்று கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு பற்றி எழுதுகிறேன்.

சில வருஷம் முன்பு தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்பட்டது. தாத்தா 1911-ல் சிங்கப்பூரிலேயே பிறந்தவர். பழைய பதிவேட்டைக் கண்டபடி புரட்ட விடமாட்டார்கள், அது சரிதான், மற்றவர் குடும்ப விஷயமும் அதில் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்த பெரியவர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். மற்ற வரிகளை ஒரு தாளால் பாதி மறைத்துவைத்தார். மை பழுப்பேறிப் போயிருந்தது, ஓரம் பூச்சி அரித்திருந்தது. தொடவேண்டாம் என்றார், நானும் தொடவில்லை.

எல்லாம் இலத்தீன். இன்ன தேதியில், இன்னார் மகன், சட்டப்படியான பிள்ளை, ஞானத்தகப்பன் இன்னார், கையெழுத்து. முதலில் பெயரே பிடிபடவில்லை. கொள்ளுத்தாத்தா பெயர் சவரிமுத்து. பிரெஞ்சில் உகரத்துக்கு இரண்டு எழுத்துச் சேர்த்துப் போடுவார்கள். அதை ஆங்கிலம் படித்த கண் ‘மௌட்டௌ’ என்று வாசிக்கிறது. நான் மூன்று தடவை கடந்து போனேன். பெரியவர்தான் விரலை வைத்து, ‘தம்பி, இது முத்து. சத்தமாப் படிங்க’ என்றார். படித்தேன். முத்துதான்.

உங்களில் யாராவது தாத்தா பாட்டி பெயரைத் தேடப் போனால் இதை நினைவில் வையுங்கள். சாமி என்பதில் இரண்டு சகரம் போட்டிருப்பார்கள். ஆரோக்கியம் என்பதில் ககரத்துக்கு நீங்கள் எதிர்பார்க்காத எழுத்து இருக்கும். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று கிடையாது என்பதால் அப்பா பெயரை அந்த இடத்தில் போட்டுவிடுவார்கள். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும்.

என்னை நிறுத்திவைத்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, தாத்தா பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்னதாகத் தமிழில் ‘ஞானாதிக்கம்’ என்று எழுதியிருந்தது. அந்த ‘னா’ பழைய எழுத்து, கால் போடாமல் அடியில் சுழித்துக்கொண்டு போகுமே, அது. இலத்தீன் எழுத்தில் உச்சரிப்புத் தப்பிவிடுமோ என்று பிரெஞ்சுச் சாமியாரே தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அந்த அக்கறையைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது.

இன்னொன்று, மறைக்காத பாதியில் ஞானத்தகப்பன் பெயர்கள் தெரிந்தன. ஒரே ஆள், ஒன்பது வரியிலும். பெரியவரைக் கேட்டேன். ‘உபதேசியார்’ என்றார்.

6 பிப்ரவரி

உபதேசியார் என்றால் யார் என்று இளையவர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதைக் கேட்க ஆள் வந்ததே எனக்குச் சந்தோஷம்.

சாமியார் பூசை வைப்பார், பாவசங்கீர்த்தனம் கேட்பார். மற்ற எல்லாவற்றுக்கும் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பது, புதிதாக வேதத்துக்கு வருபவரைத் தயார்செய்வது, சாமியார் இல்லாத நேரத்தில் ஜெபமாலை நடத்துவது, சாவு வீட்டில் முதலில் போய் நிற்பது, கல்யாணத்தைக் கோவிலில் அறிவிக்கும் ஓலை வாசிக்கும் முன் பையன் ஊரில் ஏற்கெனவே தாலி கட்டியவனா என்று விசாரிப்பது. கப்பலில் வந்தவர்களின் ஊர், உறவு எல்லாம் அவருக்குத்தான் தெரியும். புதுச் சாமியார் வந்தால் அவருக்குச் சனங்களை அடையாளம் காட்டுபவரும் அவரே. சாமியார்கள் மாறுவார்கள். உபதேசியார் மாறமாட்டார்.

ஞானத்தகப்பனாக அவர் பெயரே ஏன் வந்தது என்பதும் இதில் அடக்கம். பிள்ளையைத் தூக்கிப் பிடிக்க மாமன் வேண்டும், சித்தப்பன் வேண்டும். அவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம். இங்கே கூலிக்கு வந்த ஒற்றை மனிதனுக்கு யார் இருக்கிறார்? உபதேசியார் முன்னால் வந்து நின்றிருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பத்தார் இருக்கலாம், அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையல்ல.

11 பிப்ரவரி

இன்று லூர்து மாதா திருநாள். 1858-ல் பிரான்சின் லூர்து நகரில் பெர்நதெத் என்ற சிறுமிக்கு மாதா முதலில் காட்சி கொடுத்த நாள். வெயில் கடுமை. கோவிலுக்குள் தமிழ், வாசலில் ஆங்கிலம், சீனம், மலையாளம், பிலிப்பினோ பேச்சு. மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

14 பிப்ரவரி

‘கத்தோலிக்கரை மட்டும் பேசுகிறீர்கள், நாங்களும் இருக்கிறோம்’ என்று சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒரு திருநெல்வேலி அண்ணன் எழுதியிருக்கிறார். அவர் போதகரை ‘ஐயர்’ என்கிறார். எங்கள் பக்கத்தில் ‘சாமி’, அவர்கள் பக்கத்தில் ‘ஐயர்’. இந்த ஒரு சொல்லை வைத்தே யார் எந்தச் சபை என்று எங்கள் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

அவர் சொல்வது நியாயம். மெதடிஸ்ட் தமிழ்ச் சபை ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கிறது, 1887-ல் தொடங்கியது. அதாவது லூர்து மாதா கோவில் மந்திரிப்புக்கு ஒரு வருஷம் முந்தி. ஷார்ட் ஸ்திரீட்டிலிருந்து ஓஃபிர் ரோட்டுக்கு நடந்தே போகலாம். அந்த ஒன்றிரண்டு ஆண்டில் தேக்காவை (லிட்டில் இந்தியா பக்கம்) சுற்றித் தமிழ்ச் சனம் எவ்வளவு பெருகியிருந்தால் இரண்டு சபையும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும் என்று யோசியுங்கள். மெதடிஸ்ட் வேலையை 1885-ல் இங்கே தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர் என்பதும் கவனிக்கத் தக்கது. ஆங்கிலிகன் தமிழர்களுக்கு டோர்செட் ரோட்டில் கிறிஸ்து ஆலயம்.

ஆனால் முதல் கேள்விக்கு, அதாவது ‘யார் கட்டியது’ என்பதற்கு, புனித ஆண்ட்ரூ பேராலயம்தான் நேரான பதில். வரைந்தவர் ரொனால்ட் மெக்ஃபர்சன் என்ற அதிகாரி. அதைக் கட்டிய கைகள் இந்தியக் கைதிகளுடையவை. 1856-ல் அடிக்கல், 1861-ல் முதல் ஆராதனை. அதற்கு முன் அங்கே கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய கோவில் இரண்டு தடவை இடிவிழுந்து பழுதாகி மூடப்பட்டது.

உள்சுவரைப் பாருங்கள். வெள்ளையாக, பளிங்கு மாதிரி. அது மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் இதே வேலைப்பாடு இருக்கிறது, தொட்டால் சில்லென்று இருக்கும். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள், அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால். வீரமாகாளியம்மன் கோவிலைச் சுண்ணாம்புக் கம்பம் கோவில் என்று சொன்ன கிழவிகளை நானே பார்த்திருக்கிறேன்.

காலில் விலங்கோடு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட ஆட்கள், தங்கள் சாமி அல்லாத ஒரு சாமிக்கு அந்தச் சுவரைத் தேய்த்தார்கள். அவர்கள் பெயர் அந்தப் பேராலயத்தின் எந்தக் கல்லிலும் நான் பார்க்கவில்லை. அங்கே போகும்போதெல்லாம் சுவரைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

15 பிப்ரவரி

திருத்தம். ‘எங்கள் ஊர்ப் பக்கம் செட்டிநாட்டு வீடு’ என்று எழுதிவிட்டேன். காரைக்காலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில் நல்ல தூரம். சித்தப்பா வேலை பார்த்த வீட்டை மனதில் வைத்து எழுதியது அது.

அதே அண்ணன் ஆங்கிலிகன் குருவான கேனன் செல்லையாவை விட்டுவிட்டீர்களே என்கிறார். அதையும் சேர்க்கிறேன். டி.டி. செல்லையா புனித ஆண்ட்ரூ பள்ளி ஆசிரியர். நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) கல்விக் கொள்கையைப் பற்றி ஆராய்ந்தவர். ஜப்பானியர் காலத்தில் ஆயர் லியனார்ட் வில்சனை 1943-ல் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள், அதே ஆண்டு அக்டோபர் 10-க்குப் பிறகு சித்திரவதையும் செய்தார்கள். வெள்ளைக்காரக் குருக்கள் எல்லாம் உள்ளே. வெளியே சபையை நடத்தியவர்கள் உள்ளூர்க் குருக்கள், அவர்களில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் செல்லையா. சபையை உள்ளூர் ஆட்களிடம் ஒப்படைத்தால் நடக்குமா என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். போர் முடியும்வரை இவர்கள் நடத்திக் காட்டினார்கள்.

கத்தோலிக்கப் பக்கம் அப்போது ஆயர் தெவால். பல குடும்பங்களோடு மலாயாவில் பஹாவ் காட்டுக் குடியேற்றத்துக்குப் போய், 1945-ல் இறந்தார். எங்கள் குடும்பம் போகவில்லை, ரோச்சோரிலேயே மரவள்ளி தின்று கிடந்தார்கள். அப்பா பிறந்தது அந்தச் சமயம்தான்.

26 பிப்ரவரி

பத்து நாளாக எழுதவில்லை. ஒரு அம்மா எழுதிய பதில் மனதைக் குடைந்தது. ‘பாஷைக்கு ஒரு கோவில் என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது சுவர் மாதிரித்தான் தெரிந்தது. நான் தமிழச்சி, என்னைக் கட்டிய கணவர் சீனர். 1960களில் எந்தக் கோவிலில் எங்களை வைத்து ஓலை வாசிப்பது என்பதே பிரச்சினை ஆகிவிட்டது’ என்கிறார்.

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஜனவரி 31-ல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்பாயி விஷயத்தில் நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அப்பாயிக்கு வாசலாக இருந்தது இந்த அம்மாவுக்குச் சுவராக இருந்திருக்கிறது. இரண்டுமே அதே கோவில்.

மாற்றம் எப்படி வந்தது என்று பார்த்தால், பாதி ரோமிலிருந்து, பாதி வீவக வீடுகளிலிருந்து. வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பூசை அந்தந்தப் பாஷைக்கு வந்தது. அதே காலத்தில் ரோச்சோர் சனம், சைனாடவுன் சனம், கம்பத்துச் சனம் எல்லாரும் கலைந்து புதுப் பேட்டைகளுக்குப் போனார்கள். 1971-ல் தோ பாயோவில் உயிர்த்த கிறிஸ்து ஆலயம் எழுந்தது, வீவக பேட்டைக்குள் எழுந்த முதல் கத்தோலிக்கக் கோவில். பக்கத்து வீட்டுத் தியோச்சூ அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரே லிஃப்டில் இறங்கி ஒரே கோவிலுக்குப் போகத் தொடங்கினார்கள். 1970களில் ஓஃபிர் ரோடும் எல்லாருக்கும் பொதுவான பங்காகிவிட்டது. போர்த்துகீசியக் கோவிலே 1981-ல்தான் மக்காவ் ஆயரின் கையிலிருந்து சிங்கப்பூர்ப் பேராயர் கைக்கு வந்தது. பழைய பிரிவுகள் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தன பாருங்கள்.

எங்கள் அப்பா இதை நஷ்டமாகவே பேசுவார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் வயதானவர்களுக்குத் தமிழில் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் இருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போது தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தங்கும் விடுதியிலிருந்து ஒரு மணி நேரம் பயணம் செய்து ஓஃபிர் ரோட்டுக்கு வருகிறார்கள். பூசை முடிந்தபின் சாமியார் முன்னால் அவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் அப்பாயி ஞாபகம் வரும்.

அந்த அம்மாவுக்கு என் மன்னிப்பு. பெருமைப்பட்ட வேகத்தில் உங்களை நினைக்கவில்லை.

4 மார்ச்

பிடாடாரி கல்லறை பற்றிக் கேட்டவருக்கு. 1908-ல் திறந்தது, 1972-ல் மூடினார்கள், 2000களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்கள். தாத்தா அங்கேதான் இருந்தார். அப்பாவும் நானும் விடியற்காலையில் போனோம். கூடாரம் போட்டிருந்தார்கள். ஒரு குச்சியில் எண் எழுதி நட்டிருந்தது. எலும்பு கொஞ்சம், கறுத்துப்போன ஜெபமாலைச் சிலுவை ஒன்று. சிலுவையை அப்பா சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லில் இருந்த தமிழ் எழுத்தைப் படம் எடுக்காமல் விட்டுவிட்டோம். அதற்கப்புறம்தான் பதிவேட்டைத் தேடும் எண்ணமே வந்தது.

12 மார்ச்

பிப்ரவரி 5-ல் எழுதியதில் இரண்டு தவறு. இரண்டையும் நேற்றுத்தான் கண்டேன்.

தங்கை மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்துப் பழைய சான்றிதழ் இன்னொன்று வேண்டியிருந்தது. அதே அலுவலகம், அதே பெரியவர். தாத்தாவின் பக்கத்தை இன்னொரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். ‘அஞ்சு நிமிஷம்’ என்றார்.

முதலாவது, ஒன்பது வரி அல்ல. அந்தப் பக்கத்தில் இருப்பதே எட்டுப் பதிவுதான். உபதேசியார் ஞானத்தகப்பனாக நிற்பது ஐந்தில். மற்ற மூன்றில் உறவினர் பெயர் இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டுக் கூட்டிச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவதுதான் முக்கியம். ஓரத்தில் தமிழில் எழுதியது சாமியார் என்றேன். அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று அப்போதே ஒருவர் கேட்டார், நான் பதில் சொல்லவில்லை. நேற்றுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சாமியாரின் பேனா மெல்லியது, வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. ஓரத்துத் தமிழ் எழுத்து நிமிர்ந்து, தடித்து நிற்கிறது. அதே தடித்த எழுத்து கீழே இன்னொரு இடத்தில் இருக்கிறது, ஞானத்தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில். மற்ற பதிவுகளில் அந்த இடத்தில் கீறலோ சிலுவைக் குறியோதான் இருக்கிறது. இவர் மட்டும் தமிழில் முழுப் பெயரையும் போட்டிருக்கிறார். அவர் பெயரிலும் ஒரு ‘னா’ வருகிறது. அடியில் சுழித்து, வாலை இடப்பக்கம் நீட்டி, கடைசியில் சின்னதாக மேலே தூக்கி விடுகிறார். ‘ஞானாதிக்கம்’ என்பதில் இருக்கும் ‘னா’வும் அப்படியே, அந்தத் தூக்கலோடு.

பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து பூதக்கண்ணாடி எடுத்து வந்து இன்னொரு தடவை பார்த்தார். ‘இருபது வருஷமா இந்த ஏட்டைப் பார்த்துக்கிட்டிருக்கேன் தம்பி’ என்றார். அடுத்த பக்கத்தைத் தானே திருப்பினார். அங்கேயும் ஓரத்தில் தமிழ். அதற்கடுத்ததிலும். ஐந்து நிமிஷம் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது, மறைக்கும் தாளை எடுத்துவைக்க மறந்துவிட்டார்.

13 மார்ச்

முதலில் கேள்வி கேட்டவர் தன் பாட்டனார் 1920களில் ஓஃபிர் ரோட்டில் ஞானஸ்நானம் வாங்கியதாகத் தனியே எழுதியிருக்கிறார். பிறந்த ஆண்டும் அப்பா பெயரும் தெரிந்தால் போதும், அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அப்பா பெயரைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.